இரண்டாம் வகுப்பின் மூன்றாம் பருவம்

கொஞ்சம் நீளமான பதிவு. இரண்டாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டுமாவது கடைசி வரைக்கும் படித்துவிடுங்கள்.

"ரெண்டாங் கிளாஸ்ல என்ன டீச்சர் பெருசா பாடம் இருக்கப்போவுது?" என்று கேட்பவர்கள் அதிகம். பத்தாம் வகுப்புக்குப் பயப்படுகிறோம், பன்னிரண்டுக்குப் பயப்படுகிறோம். இரண்டாம் வகுப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால், ஒரு பிள்ளையின் படிப்பில் கவனமாக இருக்க வேண்டிய மாதங்கள் இரண்டாம் வகுப்பின் ஜனவரி முதல் ஏப்ரல் வரை உள்ள மாதங்கள்தான். ஜூனில் மூன்றாம் வகுப்பு வந்துவிடும். அதுவரை சூழ்நிலையியல் என்று ஒன்றாக இருந்தது அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டு புத்தகமாகப் பிரியும். பாடங்கள் நீளும். அங்கே யாரும் உட்கார்ந்து "இது 'கெ', இது 'கே'" என்று சொல்லித் தர மாட்டார்கள். படிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் பாடமே ஆரம்பிக்கும். படிக்கத் தெரியாத பிள்ளை அன்றிலிருந்து சத்தம் போடாமல் பின்வரிசைக்கு நகரும்.

பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். (பட்டுக்கோட்டைப் பக்கம்; எங்கள் ஊர் என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.) தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்து உட்காரும் அந்த அறையில் ஓரமாக உட்காருவேன். கதை படித்துக் காட்டுவேன். மற்ற நேரமெல்லாம் வேடிக்கை பார்ப்பதுதான். வேலை பார்த்த காலத்தில் இப்படி வேடிக்கை பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இந்தத் தை மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். கயிறு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். அவள் மகள் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். "டீச்சர், இவளை ஜூன்ல வேன் வர்ற ஸ்கூல்ல சேத்துடலாம்னு பாக்குறேன். இங்க என்னடி படிச்சேன்னு கேட்டா, குச்சி எண்ணுனோம், புளியங்கொட்டை அடுக்குனோம், பாட்டுப் பாடுனோம்ங்குறா. நோட்டைப் பாத்தா ஒண்ணும் இல்ல. பக்கத்து வூட்டுப் பையன் பக்கம் பக்கமா எழுதிட்டு வர்றான்" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. கைக்காசைச் செலவு பண்ணப் போகிறவள் கேட்கத்தான் செய்வாள். அவளுக்குச் சொன்னதைத்தான் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குச்சி. எங்கள் பக்கம் தென்னைக்குப் பஞ்சம் இல்லை. 2018 கஜா புயலில் அத்தனை மரம் போன பிறகும் ஈர்க்குக் குச்சிக்குப் பஞ்சம் வரவில்லை. பத்துக் குச்சியை எண்ணி ரப்பர் பேண்டு போட்டால் ஒரு கட்டு. கட்டு என்றால் பத்து, தனிக் குச்சி என்றால் ஒன்று. 43 என்றால் நாலு கட்டு, மூன்று தனிக் குச்சி. பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் இரண்டாம் வகுப்புக் கணக்கின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. 'இருபத்தைந்து' என்று சொன்னால் பிள்ளைகள் 205 என்று எழுதுவார்கள். தப்பு என்று அடிக்கக் கூடாது. அந்தப் பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது. முதலில் இருபது, அதை எழுதியாயிற்று. பிறகு ஐந்து, அதையும் எழுதியாயிற்று. அந்தப் பூஜ்யம் இருந்த இடத்தில்தான் ஐந்து போய் உட்காரும் என்பது காதில் கேட்கிற விஷயம் இல்லை. இரண்டு கட்டும் ஐந்து குச்சியும் கையில் வைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியும்.

நம் எண்ணுப் பெயர்கள் பெரும்பாலும் நேர்மையானவை. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும், முப்பது என்றால் மூன்று பத்து. சொல்லைக் கேட்டாலே எண் தெரியும். ஒன்பதில் வந்துதான் மோசம் செய்துவிடுகிறது. தொண்ணூறு நூறுக்குக் கீழே, ஆனால் பெயரில் 'நூறு' இருக்கிறது. தொள்ளாயிரம் ஆயிரத்துக்குக் கீழே, பெயரில் 'ஆயிரம்' இருக்கிறது. நன்னூலில் இதற்கென்றே ஒரு நூற்பா வைத்திருக்கிறார் பவணந்தி முனிவர். ஏழு வயதுப் பிள்ளை நன்னூலுக்கு எங்கே போகும்? எண்பத்தொன்பதுக்குப் பிறகு என்ன என்று கேட்டால் பாதி வகுப்பு 'ஒன்பது பத்து' என்றும், துணிச்சல்காரர்கள் 'ஒம்பத்து' என்றும் சொல்வார்கள். எனக்கு அந்த 'ஒம்பத்து' மிகவும் பிடிக்கும். அறுபது, எழுபது, எண்பது என்று வந்த பிள்ளை மொழியின் விதியைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். மொழிதான் அங்கே வழி மாறிவிட்டது.

அடுத்து, கழித்தல். நாம் எல்லோரும் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்றுதான் படித்தோம். 43-லிருந்து 17. மூன்றில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு. அந்தப் பெண்ணின் மகளுக்கு அவள் அப்பா இப்படித்தான் வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிள்ளை கேட்டிருக்கிறது: "எப்பப்பா திருப்பிக் குடுக்கணும்?" குழுக் கடனுக்கு வாரா வாரம் பணம் கட்டுகிற வீடு அது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காமல் கணக்கு எப்படி முடியும் என்று அந்தப் பிள்ளைக்கு நியாயமான சந்தேகம். அப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார். வகுப்பில் அந்த டீச்சர் 'கடன்' என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. "தனிக் குச்சி மூணுதான் இருக்கு, ஏழு வேணும். என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பிள்ளை, "ஒரு கட்டைப் பிரிச்சிடலாமா மிஸ்?" என்றது. ரப்பர் பேண்டைக் கழற்றினார்கள். நாலு கட்டு மூன்று கட்டாயிற்று. மூன்று தனிக் குச்சி பதின்மூன்றாயிற்று. ஏழு எடுத்தால் ஆறு, மூன்று கட்டில் ஒன்று எடுத்தால் இரண்டு. இருபத்தாறு. கடனும் இல்லை, வட்டியும் இல்லை.

இதைக் கையால் செய்து பார்க்காத பிள்ளை 43-க்குக் கீழே 17-ஐ எழுதிக் கழித்தால் பெரும்பாலும் 34 என்று விடை போடும். ஏன் தெரியுமா? ஏழில் மூன்று போனால் நாலு. பெரியதில் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம், மேல் எது கீழ் எது என்று பார்க்காமல் அது கழித்துவிடுகிறது. உங்கள் பிள்ளையின் நோட்டில் இப்படி விடை இருந்தால் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். பத்து என்பதைக் கட்டாக இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். ஈர்க்குக் குச்சியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

கணக்கிலேயே இன்னொன்று. சாண், முழம், தப்படி வைத்து அளப்பது. வராண்டாவின் திண்டை அளந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விடை, டீச்சருக்கு வேறு விடை. "யாரு சொல்றது சரி?" என்று ஒரே சண்டை. அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பெண் மகளோடு பூ வாங்கப் போயிருக்கிறாள். மகள், "அம்மா, பூக்காரம்மாவுக்குக் கை குட்டை. நீ அளந்து வாங்கு" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறது. மானம் போய்விட்டது டீச்சர் என்று என்னிடம் வந்து சொன்னாள். ஸ்கேல் எதற்குக் கண்டுபிடித்தார்கள் என்பது அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. இதெல்லாம் நோட்டில் இருக்காது.

இனி தமிழ். 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். உண்மையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216-ம் சேர்க்கை. கால், கொம்பு, சுழி தெரிந்தால் பெரும்பாலானவை தானாக வரும். 'பெரும்பாலானவை' என்று யோசித்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் மாட்டிக்கொள்கிற இடங்களும் இருக்கின்றன. உகர வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கு, டு, மு ஒரு மாதிரி வளையும். சு, பு, வு இன்னொரு மாதிரி கீழே இறங்கும். து, நு, லு வேறொரு மாதிரி. ஊகாரத்தில் 'கூ' யாரோடும் சேராமல் தனியாக நிற்கும். இந்த வரிசையில் விதி சொல்லித் தர முடியாது, பார்த்துப் பழக வேண்டியதுதான். பிறகு கொம்பு. 'கெ' என்பதில் 'க' முதலில் ஒலிக்கும், கொம்பு முதலில் எழுத வேண்டும். காதில் பின்னால் வருவது கண்ணில் முன்னால் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் காவல். 'கௌ' பற்றிக் கேட்கவே வேண்டாம். கொம்பு, க, ள என்று மூன்றாகப் பார்த்துப் பிள்ளை 'கெள' என்று படிக்கிறது. அது படிப்பதும் ஒரு வகையில் சரிதானே!

இந்தத் தலைமுறைக்கு ஒரு சுமை குறைவு. நான் படித்தபோது லை, னை, ளை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுருண்டிருக்கும். ணா, றா, னா மூன்றும் தனித்தனி வடிவம். பெரியார் சொல்லி வந்த சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாகப் போட்ட பிறகுதான் இவை மற்ற எழுத்துகளோடு வரிசைக்கு வந்தன. இன்றைக்கும் கையெழுத்தில் எனக்கு அவசரத்தில் தும்பிக்கைதான் வருகிறது.

எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டால் முடிந்ததா என்றால், இல்லை. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்தச் சிறுமி ஒரு நாள் என்னிடம் படித்துக் காட்டியது. "முயல் விரைந்து சென்றது." ஒரு எழுத்து பிசகவில்லை. "முயல் என்னடா பண்ணுச்சு?" என்று கேட்டேன். முழித்தது. வீட்டில் யாரும் 'விரைந்து' என்று பேசுவதில்லை, 'சென்றது' என்று பேசுவதில்லை. "வெரசாப் போச்சு" என்பதுதான் அதன் தமிழ். "வெரசாப் போச்சுன்னு போட்டிருக்கு" என்றதும் முகம் மலர்ந்து, "நரி வந்துச்சா பாட்டி?" என்று கேட்டது. கதைக்குள் வந்துவிட்டது! தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் படிப்பது சுலபம் என்று நினைக்கிறோம். பேசுகிற தமிழுக்கும் அச்சில் இருக்கிற தமிழுக்கும் இடையே உள்ள வாய்க்காலைத் தாண்ட ஒரு பலகை போட வேண்டும். இரண்டாம் வகுப்பின் இந்த மூன்று நான்கு மாதங்களில் நடப்பது அதுதான். டீச்சர் கதையை முதலில் வீட்டுத் தமிழில் சொல்கிறார், நடிக்க விடுகிறார், பிறகு புத்தகத்தைத் திறக்கிறார். 'பாட்டுப் பாடுனோம்' என்பதும் இதில் சேர்த்திதான்.

ல, ள, ழ குழப்பத்துக்கு இப்போதே சிவப்பு மை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. வேறு கருத்துள்ள நண்பர்கள் திட்டலாம். "வாளப்பளம்" என்று எழுதுகிற பிள்ளை தன் காதை நம்பி ஒரு முழுச் சொல்லை எழுதியிருக்கிறது. அந்தத் துணிவுதான் இப்போது வேண்டும். நிறையப் படிக்கப் படிக்கக் கண் அந்தச் சொல்லைத் திருத்திக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுப் பையன் பக்கம் பக்கமாக எழுதுவதைப் பற்றி. அவனையும் கூப்பிட்டுப் பார்த்தேன். முத்து முத்தான ஆங்கிலக் கையெழுத்து. அவன் எழுதியதில் ஒரு வரியைத் தொட்டுப் படிக்கச் சொன்னேன். படிக்கவில்லை. போர்டில் இருந்ததைப் பார்த்து வரைந்திருக்கிறான். எல்லாத் தனியார் பள்ளியும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன், நன்றாகச் சொல்லித் தருகிற பள்ளிகளையும் எனக்குத் தெரியும். அரசுப் பள்ளியில் எல்லாம் ஒழுங்கு என்றும் சொல்ல மாட்டேன். நோட்டில் நிறைந்திருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதே என்றுதான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பிப்ரவரியில் ஒரு நாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வகுப்புக்கு வந்தாள். பின்னால் பாயில் உட்கார்ந்து பார்த்தாள். போகும்போது, "இப்படின்னு தெரியாது டீச்சர்" என்றாள். ஜூனில் எங்கே சேர்ப்பாள் என்று நான் கேட்கவில்லை. அது அவள் வீட்டு முடிவு.

அரசுப் பள்ளியில் ஒழுங்கில்லாதது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. பிள்ளைகளை அவரவர் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருவது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு இப்படி ஒன்று தேவைப்பட்டது. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் எல்லாப் பள்ளிக்கும் வந்தபோது அட்டையும் ஏணியும் பாயுமாக வகுப்பை நடத்திய என் போன்றவர்களுக்கு இந்த யோசனை புதிதும் இல்லை. மெதுவாக வருகிற பிள்ளையை அதன் இடத்திலிருந்து கூட்டிப் போவதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் மூன்று வகுப்பு, மூன்று நிலை, ஒரே டீச்சர். அதற்கு மேல் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைக் கைபேசியில் பதிந்துகொண்டே இருக்க வேண்டும். பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் டீச்சர் திரையைப் பார்க்கிறார். நான் உட்கார்ந்திருக்கிற நாளில் ஒரு குழுவையாவது நான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற மூன்று நாளில்?

அப்படி என் பொறுப்பில் வந்தவன்தான் கடைசிப் பாய்ப் பையன். அப்பா அம்மா திருப்பூரில் வேலை. மூன்று ஊரில் மூன்று பள்ளி மாறி, டிசம்பரில் தாத்தா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இரண்டாம் வகுப்பு, ஆனால் அரும்பு நிலை. அ, ஆ பாட்டாக முழுதும் சொல்வான். நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டால் முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்துதான் பெயர் சொல்வான். கணக்கு நோட்டில் 43-லிருந்து 17 கழிக்கச் சொன்னால் நோட்டையே மூடிவிடுவான். அவன் தாத்தா தேங்காய் எண்ணப் போகிறவர் என்று தெரிந்தது. லீவு நாளில் இவனும் கூடப் போவான். ஒரு நாள் சும்மா கேட்டேன். "நாப்பத்து மூணு காய் கெடக்கு. பதினேழு வித்துப் போச்சு. மிச்சம்?" தலையைத் தூக்காமல் சொன்னான், "இருவத்தாறு."

"எப்படிடா?"

"பதினேழுக்கு மூணு போட்டா இருவது. அங்கேருந்து நாப்பத்து மூணுக்கு இருவத்து மூணு. மூணும் இருவத்து மூணும் இருவத்தாறு."

கட்டைப் பிரிக்கவும் இல்லை, கடன் வாங்கவும் இல்லை. முன்னோக்கி எண்ணிப் போய் விடையை எடுத்துவிட்டான். பெரிய மனக்கணக்குக்காரர்கள் செய்கிற வழி இது. தேர்வில் இவனுக்குக் கணக்கு வராது என்றுதான் பதிவாகியிருக்கும். வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டு அவனை மறுபடி சொல்லச் சொன்னேன். அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். மறுநாள் போர்டில் ஒரு நேர்கோடு போட்டு, 17-லிருந்து 20-க்கு ஒரு தாவல், 20-லிருந்து 43-க்கு ஒரு தாவல் என்று வரைந்து, "இது இவன் கண்டுபிடிச்ச வழி" என்று வகுப்புக்குச் சொன்னார். அன்றிலிருந்து நோட்டை மூடுவதில்லை.

எழுத்துதான் இன்னும் மெதுவாக வருகிறது. அவனுக்குப் பாடப் புத்தகத்தில் ஆரம்பிக்கவில்லை. 'காய்', 'தாத்தா', 'மட்டை', 'லாரி' என்று அவன் வாயில் இருக்கிற சொற்களை அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். 'மட்டை'யில் வரும் 'ட்'டை 'பட்டை'யிலும் 'சட்டை'யிலும் அவனே போன வாரம் கண்டுபிடித்தான். இப்போது கொம்பில் நிற்கிறோம். 'தென்னை' என்று எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறான், அதில் கொம்பும் இருக்கிறது, இரட்டைச் சுழி இணைக்கொம்பும் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பங்குனி பிறந்துவிட்டது, ஏப்ரல் கடைசி வரைக்கும்தான் பள்ளி. அதற்குப் பிறகு கோடை விடுமுறை. அம்மா அப்பா திருப்பூருக்குக் கூட்டிப் போகலாம், போகாமலும் இருக்கலாம். அதனால் ஒரு உதவி கேட்கிறேன். உங்கள் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் சும்மா கிடக்கிற படக் கதைப் புத்தகங்கள் இருந்தால் அனுப்புங்கள். துலிகா, பிரதம் வெளியிட்டவை மாதிரி, பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய எழுத்து, நிறையப் படம் இருப்பவை. பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கம் கிழியாமல் இருந்தால் போதும். நீதிக் கதைத் தொகுப்புகள் வேண்டாம், அலமாரியில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன, எந்தப் பிள்ளையும் தொடுவதில்லை. தேங்காய், லாரி, மரம் ஏறுவது, மீன் பிடிப்பது இப்படி ஏதாவது வருகிற புத்தகமாக இருந்தால் முதலில் அவனிடம் கொடுப்பேன். அனுப்புகிறவர்கள் எனக்குத் தனிச் செய்தி போடுங்கள், முகவரி தருகிறேன். ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் வந்து சேர்ந்தால் நல்லது.